பாசுல் மாதிரி ஈஸி! செர்பியாவோட வெள்ளை பீன்ஸ் சூப் வீட்டுல செய்யறது எப்படி?

ஒரு வேலை ரொம்ப சுலபம்னு சொல்றதுக்கு செர்பியாவுல ஒரு சொலவடை இருக்கு: "ப்ரோஸ்தோ காவோ பாசுல்." பாசுல் மாதிரி ஈஸின்னு அர்த்தம். பாசுல்னா வெள்ளை பீன்ஸ். அதை வெச்சு செய்யற சூப்புக்கும் அதே பேர்தான். இந்த சொலவடையை நம்பி நான் ஒரு நாள் அந்த சூப்பைச் செஞ்சேன். அன்னைக்கு ராத்திரி என் ரூம்மேட்டை ஆட்டோவுல ஏத்திக்கிட்டு ஹாஸ்பிட்டலுக்கு ஓடினோம்.

பயப்படாதீங்க, அவன் நல்லா இருக்கான். இந்தக் கட்டுரையை முதல்ல படிச்சு ஓகே சொன்னதே அவன்தான். நான் எங்க தப்பு பண்ணேன், சரியா எப்படிச் செய்யணும், ஒவ்வொரு ஸ்டெப்பும் எதுக்குன்னு இதுல சொல்றேன்.

நோவி சாத்ல ஒரு வெள்ளிக்கிழமை

போன ஜூன், ஜூலை ரெண்டு மாசம் ஒரு இன்டர்ன்ஷிப்புக்காக செர்பியாவுல நோவி சாத்ங்கற ஊர்ல இருந்தேன். டான்யூப் நதிக்கரையில இருக்கற ஊர். ஆத்துக்கு அந்தப் பக்கம் பெட்ரோவராதின் கோட்டை. நான் தங்கியிருந்த வீட்டோட ஓனர் ஒரு வயசான அம்மா. அங்க பாட்டியை "பாகா"ன்னு கூப்பிடுவாங்க, நானும் அப்படியே கூப்பிட்டேன்.

நான் சுத்த சைவம். செர்பியாவுல சைவச் சாப்பாடு எங்க கிடைக்கும்னு கவலையா இருந்துச்சு, ஏன்னா அங்க சாப்பாடுன்னாலே பெரும்பாலும் இறைச்சிதான். பாகாகிட்ட சொன்னேன். அவங்க யோசிக்கவே இல்ல. "ஓ, போஸ்னோ!"ன்னாங்க.

போஸ்னோன்னா நோன்புச் சாப்பாடு. செர்பியாவுல பெரும்பாலானவங்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். நோன்பைக் கடைப்பிடிக்கறவங்க புதன், வெள்ளியில இறைச்சி, பால், முட்டை எதையும் தொட மாட்டாங்க. ஈஸ்டருக்கு முன்னாடி, கிறிஸ்துமஸுக்கு முன்னாடின்னு வருஷத்துல நாலு நீண்ட நோன்பும் உண்டு. அதுல ஒண்ணு ஜூலை 12-ல முடியும், நான் இருந்தப்போ அதுதான் நடந்துட்டு இருந்துச்சு. கடைகள்ல பிஸ்கட் பாக்கெட், பேக்கரி ஐட்டத்துல எல்லாம் "போஸ்னோ"ன்னு எழுதியிருக்கும். செர்பியா போற சைவக்காரங்க இந்த ஒரு வார்த்தையைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா பாதிக் கவலை போயிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: சில நோன்பு நாள்ல மீன் அனுமதி உண்டு. அதனால மீன் இல்லையான்னு மட்டும் கேட்டுக்கணும்.

அந்த வெள்ளிக்கிழமை பாகா வெச்சது போஸ்னி பாசுல், அதாவது இறைச்சி போடாத பீன்ஸ் சூப். செங்காவி நிறத்துல, கொஞ்சம் கெட்டியா, மேல எண்ணெய் லேசா மினுங்கிட்டு, பக்கத்துல ஒரு பெரிய வெள்ளை ரொட்டித் துண்டு. ரெண்டு வாரம் பிரெட்டும் தக்காளியுமா ஓட்டிக்கிட்டிருந்த எனக்கு அது வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருந்துச்சு.

சரி, பாசுல் யாரு?

பேரு கிரேக்கத்துலேர்ந்து வந்தது. லத்தீன்லயும் இதே வேர்ச்சொல்தான் "ஃபேசியோலஸ்". பேரு ரொம்பப் பழசு, ஆனா இந்த பீன்ஸ் ஐரோப்பாவுக்குப் புதுசு. ஏன்னா இது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16-ம் நூற்றாண்டுலதான் கடல் தாண்டி வந்துச்சு. அதுக்கு முன்னாடி வேற ஏதோ பயறுக்கு இருந்த பேரை இது எடுத்துக்கிச்சு. சூப்புக்கு நிறம் குடுக்கற சிவப்பு மிளகாய்த்தூளும் அமெரிக்கா வழிதான். நம்ம ஊரு மிளகாய் மாதிரியேதான். செர்பியாவோட "பாரம்பரிய" சூப்ல ரெண்டு ஹீரோவும் வெளியூர்க்காரங்க.

இந்த சூப்போட முழுப் பேர் "சோர்பாஸ்த் பாசுல்". சோர்பான்னா கெட்டியான சூப், துருக்கி மொழி வழியா வந்த வார்த்தை. நம்ம ஹோட்டல் மெனுவுல "ஷோர்பா"ன்னு பாத்திருப்பீங்களே, அதே குடும்பம்தான். மூலம் பாரசீகம். செர்பியா பல நூற்றாண்டு ஆட்டோமான் ஆட்சியில இருந்த நாடு, அதனால சமையலறையில துருக்கி வார்த்தைகள் ஏராளம்.

பாசுல் அங்க எல்லா இடத்துலயும் இருக்கும். ஸ்டூடண்ட் கேன்டீன்ல இருக்கும். ராணுவத்துல பெரிய அண்டாவுல வெக்கறதுக்குத் தனியா "ராணுவ பாசுல்"னே பேரு. ஊர் ஊரா பாசுல் சமையல் போட்டியும் நடக்கும், அதுக்கு "பாசுலியாடா"ன்னு பேர். சூப்பா இல்லாம, நிறைய வெங்காயம் போட்டு அவன்ல வெச்சு எடுத்தா அது "ப்ரெப்ரானாட்ஸ்". டிசம்பர் 19 புனித நிக்கோலஸ் நாள்ல பல குடும்பங்களுக்கு "ஸ்லாவா", அதாவது அந்தக் குடும்பத்தோட காவல் புனிதர் திருநாள். அது கிறிஸ்துமஸ் நோன்புக்குள்ள வர்றதால விருந்தே நோன்பு விருந்துதான். மீனுக்குப் பக்கத்துல ப்ரெப்ரானாட்ஸ் கட்டாயம் மாதிரி இருக்கும்.

நான் பண்ண தப்பு

ஊருக்கு வந்ததும் நாங்க 4 பேர் வாடகைக்கு இருக்கற வீட்டுல இதைச் செய்யணும்னு ஆசை. பாகா சொன்னதை போன்ல நோட் பண்ணி வெச்சிருந்தேன். ஆனா எனக்கு அதுல பாதி தேவையில்லாத வேலையாத் தோணுச்சு. ராத்திரி ஊற வெக்கணும், ஒரு தடவை கொதிக்க வெச்சு அந்தத் தண்ணியைக் கொட்டணும், மறுபடியும் தண்ணி ஊத்தணும்... இன்ஜினியரிங் படிக்கற மூளை என்ன சொல்லும்? "ஆப்டிமைஸ் பண்ணுடா."

பண்ணேன். வெள்ளை பீன்ஸ் கிடைக்கல, சிவப்பு ராஜ்மா வாங்கினேன். 2 மணி நேரம் மட்டும் ஊற வெச்சேன். தக்காளி, வெங்காயம், உப்பு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு, மல்டி குக்கர்ல "ஸ்லோ குக்" மோடுல வெச்சுட்டு மேட்ச் பாக்கப் போயிட்டேன். 4 மணி நேரம் கழிச்சு திறந்தா வாசனை சூப்பர். பீன்ஸ் மட்டும் கடிச்சா நறுக்குனு இருந்துச்சு. "அல் டென்டேடா மச்சி"ன்னு சொல்லி ரூம்மேட்டுக்கு ஒரு கிண்ணம் குடுத்தேன். பசியில இருந்தவன் ஃபுல்லா காலி பண்ணான். நான் நாலஞ்சு ஸ்பூன்தான்.

ரெண்டு மணி நேரத்துல எனக்கு வயித்தைப் புரட்டுச்சு. அவனுக்கு வாந்தி நிக்கவே இல்ல. ஹாஸ்பிட்டல்ல ட்ரிப்ஸ் போட்டாங்க. டியூட்டி டாக்டர் என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டார், சொன்னேன். "ராஜ்மா வெந்துச்சா?"ன்னார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

பீன்ஸ்குள்ள என்ன இருக்கு?

வேகாத பீன்ஸ்ல லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு புரதம் இருக்கு. முழுப் பேர் ஃபைட்டோஹீமாக்ளூட்டினின். ரத்தச் சிவப்பணுக்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வெக்கற குணம் அதுக்கு இருக்கறதால இந்தப் பேரு. குடலோட உள்சுவர்ல போய் ஒட்டிக்கிட்டு வேலையைக் காட்டும். 4, 5 வேகாத பீன்ஸ் போதும், 1 முதல் 3 மணி நேரத்துல வாந்தி ஆரம்பிச்சிடும். பெரும்பாலும் சில மணி நேரத்துல சரியாயிடும்.

இதோட அளவை "ஹாவ்"ங்கற யூனிட்ல சொல்வாங்க. பச்சையா இருக்கற சிவப்பு ராஜ்மாவுல 20,000 முதல் 70,000 வரைக்கும். முழுசா வெந்ததுல 200 முதல் 400 தான். வெள்ளை வகையில சிவப்புல இருக்கறதுல மூணுல ஒரு பங்கு இருக்கும். ஆக நான் வாங்கினதே இருக்கறதுல மோசமானது.

அடுத்தது இன்னும் மோசம். இந்தப் புரதம் 100 டிகிரி கொதிநிலையில நல்லா அழியும். 80 டிகிரி அளவுல வெச்சா அழியறதுக்குப் பதிலா அதோட வீரியம் 5 மடங்கு வரைக்கும் ஏறலாம்னு சொல்றாங்க. ஸ்லோ குக் மோடு பெரும்பாலும் கொதிநிலைக்குக் கீழதான் ஓடும். 4 மணி நேரம் வெச்சேன்னு நான் பெருமையாச் சொன்னேன் பாருங்க, நேரம் இங்க பிரச்சினையே இல்ல. டெம்பரேச்சர்தான்.

10 நிமிஷம் நல்லாக் கொதிச்சா போதும்னு பொதுவாச் சொல்வாங்க. அமெரிக்காவோட உணவு மருந்து நிர்வாகம், எதுக்கும் பாதுகாப்பா 30 நிமிஷம் கொதிக்க விடுங்கன்னு சொல்லுது. பாகாவுக்கு லெக்டின்னா என்னன்னு தெரியாது. ஆனா அவங்க சொன்ன வழியில, ஊற வெச்சு, கொதிக்க வெச்சு, தண்ணியைக் கொட்டி, மறுபடி கொதிக்க வெச்சா லெக்டின் பிழைக்க வழியே இல்ல.

இப்போ செய்முறை (4 பேருக்கு)

தேவையானவை:

- வெள்ளை பீன்ஸ் 300 கிராம் (சூப்பர் மார்க்கெட்ல "வெள்ளை ராஜ்மா"ன்னு கிடைக்கும்)
- பெரிய வெங்காயம் 2
- கேரட் 1
- பூண்டு 4 பல்
- பிரிஞ்சி இலை 2
- எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன்
- மைதா 1 டேபிள்ஸ்பூன், குவிச்சு
- பாப்ரிகா தூள் 2 டீஸ்பூன்
- உப்பு, மிளகு

அங்க "தேதோவாட்ஸ்"ங்கற பெரிய வெள்ளை பீன்ஸுக்கு மவுசு அதிகம். வட மாசிடோனியாவுல இருக்கற தேதோவோ ஊர்ப் பேரு அது. பாப்ரிகான்னா காரமே இல்லாத இனிப்பு மிளகாய்த்தூள். நோவி சாத் இருக்கற வோய்வோடினா பகுதியிலேயே, ஹங்கேரி எல்லைப் பக்கம் ஹோர்கோஷ்னு ஒரு ஊர் இதுக்குப் பேர் போனது. கிடைக்கலன்னா காஷ்மீரி மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன் போடுங்க, காரம் கொஞ்சம் கூடும். நம்ம சாதா மிளகாய்த்தூளை அதே அளவுல போட்டா அது பாசுல் இல்ல, கார சூப்.

அசைவம் சாப்பிடறவங்களுக்கு: அங்க புகையில உலர்த்தின பன்றி விலா எலும்பு போடுவாங்க. அந்தப் புகை வாசனைதான் அசைவ பாசுலோட அடையாளம்.

1. ஊற வைங்க. ராத்திரி நிறைய தண்ணியில போட்டு 8 முதல் 12 மணி நேரம். பீன்ஸ் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு எடை ஏறும். அதனால பெரிய பாத்திரமா எடுங்க. காலையில அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க.

2. முதல் கொதி. புதுத் தண்ணி ஊத்தி அடுப்புல வெச்சு, தளதளன்னு கொதிக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் 10 நிமிஷம். நுரை பொங்கி வரும். அப்புறம் வடிச்சு, அந்தத் தண்ணியையும் கொட்டுங்க. இந்த ஸ்டெப்பை ஸ்கிப் பண்ணாதீங்க. லெக்டின் கதை ஒரு பக்கம், கேஸ் கதை இன்னொரு பக்கம். பீன்ஸ்ல ராஃபினோஸ், ஸ்டேக்கியோஸ்னு சர்க்கரை வகைகள் இருக்கு. அதை உடைக்கற என்சைம் நம்ம உடம்புல இல்ல. பெருங்குடல்ல இருக்கற பாக்டீரியாதான் அதைத் தின்னுட்டு வாயு விடும். ஊற வெச்ச தண்ணி, முதல் கொதித் தண்ணி ரெண்டையும் கொட்டினா அதுல ஒரு பங்கு போயிடும்.

3. ரெண்டாவது கொதி. ஒன்றே முக்கால் லிட்டர் சுடுதண்ணி, பொடியா நறுக்கின வெங்காயம், வட்டமா வெட்டின கேரட், பிரிஞ்சி இலை. கொதி வந்ததும் தீயைக் குறைச்சு, மூடியைக் கொஞ்சம் திறந்து வெச்சு ஒன்றரை முதல் ரெண்டு மணி நேரம். கரண்டி போட்டுக் கிளறாதே, பாத்திரத்தோட காதைப் பிடிச்சு ஆட்டுன்னு பாகா சொல்வாங்க. கிளறினா பீன்ஸ் உடைஞ்சு கூழாயிடும். இறைச்சி போடறதா இருந்தா இந்த ஸ்டெப்லயே சேத்துடுங்க.

குக்கர் இருந்தா இந்த ஸ்டெப் மட்டும் குக்கர்ல பண்ணலாம். மிதமான தீயில 4, 5 விசில், பிரஷர் தானா இறங்கட்டும். பாதிக்கு மேல நிரப்பாதீங்க, பீன்ஸ் நுரை விசில் ஓட்டையை அடைச்சுக்கும். ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டா நுரை அடங்கும்.

4. டெஸ்ட். 5 பீன்ஸ் எடுத்து நசுக்கிப் பாருங்க. ஒண்ணு இல்ல, அஞ்சு. அஞ்சும் நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவுல மசியணும். ஒண்ணு நறுக்குன்னாலும் மறுபடி அடுப்புல. அல் டென்டே எல்லாம் பாஸ்தாவுக்கு.

5. ஸப்ர்ஷ்கா. இதுதான் சூப்போட உயிர். நம்ம தாளிப்புக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வெச்சுக்கலாம். தனி வாணலியில எண்ணெய் சூடாக்கி, மைதா போட்டு, பச்சை வாசனை போய் லேசா பொன்னிறம் வர்ற வரைக்கும் வறுங்க. நசுக்கின பூண்டைப் போட்டு அரை நிமிஷம். அடுப்பை அணைச்சுட்டு பாப்ரிகா தூளைப் போட்டு ஒரு கிளறு. உடனே சூப்லேர்ந்து ஒரு கரண்டித் தண்ணி ஊத்தி, கட்டி இல்லாம கலக்கி, எல்லாத்தையும் பெரிய பாத்திரத்துல சேருங்க. உப்பு, மிளகு போட்டு இன்னும் 10, 15 நிமிஷம் கொதிக்கணும்.

ஏன் அணைக்கணும்? பாப்ரிகாவுல சர்க்கரை அதிகம், சூடான எண்ணெயில சில நொடியில கருகிக் கசந்துடும். ஆனா எண்ணெயே இல்லாம நேரா சூப்ல போட்டாலும் தப்பு, ஏன்னா அதோட சிவப்பு நிறமி எண்ணெயில கரையறது, தண்ணியில இல்ல. எண்ணெய் வேணும், தீ வேண்டாம். மாவை எண்ணெயில வறுக்கறதும் காரணத்தோடதான். ஒவ்வொரு மாவுத் துகளையும் எண்ணெய் சுத்திக்கறதால தண்ணி பட்டதும் கட்டி தட்டாது. ரொம்பக் கருக்க வறுத்தா ஸ்டார்ச் உடைஞ்சு கெட்டியாக்கற சக்தி குறைஞ்சிடும். பொன்னிறத்தோட நிறுத்துங்க.

ரொட்டி, முட்டைக்கோஸ் சாலட், வினிகர்ல ஊறின மிளகாயோட பரிமாறுவாங்க. மீன் குழம்பு மாதிரி இதுவும் மறுநாள்தான் இன்னும் நல்லா இருக்கும். ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க.

பீன்ஸ் வேகவே மாட்டேங்குதா?

*தக்காளி, புளிப்பு முன்னாடியே போட்டீங்களா?* பீன்ஸோட செல் சுவர்களை ஒட்டி வெச்சிருக்கறது பெக்டின். அது கரைஞ்சாதான் பீன்ஸ் மெத்துனு ஆகும். புளிப்பு அதைக் கரைய விடாது. தக்காளி போட ஆசைன்னா பீன்ஸ் வெந்ததுக்கு அப்புறம்.

*போர் தண்ணியா?* உப்புத் தண்ணியில இருக்கற கால்சியம், மெக்னீசியம் பெக்டினை இன்னும் இறுக்கிடும். கேன் தண்ணி இல்லன்னா ஆர்ஓ தண்ணி யூஸ் பண்ணுங்க.

*உப்பு?* உப்பு கடைசியிலதான்னு பாகா சொன்னாங்க. புகையிட்ட இறைச்சி போடறவங்களுக்கு அது சரி, இறைச்சியிலேயே உப்பு இருக்கும். ஆனா ஊற வெக்கற தண்ணியில ஒரு ஸ்பூன் சமையல் உப்பு போட்டா நல்லதுதான். சோடியம் போய் கால்சியம் இடத்தைப் பிடிச்சுக்கும், தோல் சீக்கிரம் மெத்துனு ஆகும். பாகாவை நான் எதிர்க்கற ஒரே பாயிண்ட் இது.

*பழைய பீன்ஸா?* வருஷக்கணக்கா சூடான இடத்துல கிடந்த பீன்ஸ் எவ்வளவு வேக வெச்சாலும் கல்லாவே இருக்கும். அதை விட்டுடுங்க, புதுசு வாங்குங்க.

கடைசியா

போன மாசம் மறுபடி செஞ்சேன். வெள்ளை பீன்ஸ், ராத்திரி முழுக்க ஊறல், ரெண்டு கொதி, ஒரு ஸ்டெப்பும் விடல. ரூம்மேட் கிச்சன் வாசல்லயே போன்ல டைமர் வெச்சுட்டு நின்னான். "10 நிமிஷம் ஆகல டா, கைய எடு"ன்னு மிரட்டினான். நசுக்கிப் பாக்கற டெஸ்ட்டையும் அவனே பண்ணான், அஞ்சு இல்ல, பத்து பீன்ஸ். அப்புறம் உக்காந்து ரெண்டு கிண்ணம் சாப்பிட்டான். மூணாவதுக்கு பிரெட் தீர்ந்து போச்சு.

பாகாவுக்கு போட்டோ அனுப்பினேன். முதல் தடவை நடந்ததையும் அன்னைக்குத்தான் சொன்னேன். டிரான்ஸ்லேட்டர்ல போட்டுப் பாத்தா பதில் இப்படி இருந்துச்சு: "தண்ணியைக் கொட்டுன்னு சொன்னேன் இல்ல?"

ஆமா பாகா, சொன்னீங்க. பாசுல் ஈஸிதான். சொன்னதைச் சொன்ன மாதிரி செஞ்சா.